நெட் வரல, ஒரு எட்டு வந்துட்டுப் போ

ஞாயிற்றுக்கிழமை காலை கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் 'மலர்' என்று வந்தது. நான் ஹலோ சொல்லவில்லை. "இன்னா, மறுபடியும் நெட் வரலியா?" என்றுதான் எடுத்தேன். எங்கள் பேச்சு அப்படித்தான் தொடங்கும். பதிலுக்கு அவள் வீட்டுக்காரர் அண்ணாமலையின் குரல் வந்தது. "டீச்சர், நான் அண்ணாமல பேசறேன். மலரு விடிகாலைல எறந்துட்டா டீச்சர். நெஞ்சு வலிக்குதுன்னா. ஜீப்பு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு." பொறுக்கிய காயைத் திரும்பக் கூடையிலேயே கொட்டியது நினைவிருக்கிறது. கடைக்காரம்மா ஏதோ கேட்டார். அதன்பின் மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது.

வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளியில் மலர்க்கொடியோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவளிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 'ஆசிரியை மலர்க்கொடி அவர்கள்' என்று முறையாகத் தொடங்கத்தான் பார்த்தேன். நான்கு வரி எழுதியதும் யாரோ ஒரு அதிகாரியைப் பற்றி எழுதுவதுபோல் ஆகிவிட்டது. அவள் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளை உங்களுக்கெல்லாம் தெரியும். மதியத்தில் தன் டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவர் டப்பாவைத் திறந்து பார்ப்பவள். மலையிலேயே பிறந்து, மலையிலேயே வேலை பார்த்தவள். நான் ரிஷிவந்தியத்துக்காரி. ஆங்கிலம் நடத்த மாற்றலாகி மேலே போனபோது எனக்கு அந்த ஊரில் எதுவும் பிடிக்கவில்லை. குளிர் பிடிக்கவில்லை, அட்டைப்பூச்சி பிடிக்கவில்லை, வளைந்து வளைந்து போகும் அந்த பஸ் சுத்தமாகப் பிடிக்கவில்லை. யாரோடும் பேசாமல் இருந்தேன். மலர் விடவில்லை. வேண்டுமென்றே என் நாற்காலியில் உட்காருவாள், என் சிவப்புப் பேனாவை எடுத்துப்போய்த் தரமாட்டாள். நான் கத்துவேன். "உனுக்குக் கோவம் வந்தாதான், சாந்தி, நல்லா இருக்குது. சும்மா இருந்தா யாருக்கோ காத்துக்கினு இருக்கறவ மாரி இருக்கற" என்பாள். ஒரு பருவம் முடிவதற்குள் அவளோடு சண்டை போடாத நாள் எனக்கு நாளாகவே இல்லாமல் போனது.

இனி நான் எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்கே பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் தெரிந்தது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அண்ணாமலை உள்ளே போய் ஒரு சின்னப் பொருளைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். வைஃபை அடாப்டர். பள்ளி லேப்டாப்புக்காக முன்பு மலர் தன் காசில் வாங்கியது. இது உங்களுக்குத்தான் டீச்சர், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். அதை வாங்கிய ஆண்டு அவர் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தாராம். அந்த நேரத்தில் மலருக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று பார்க்கக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கிறாள். சாந்தி டீச்சரோடதான் போனேன் என்று அவரிடம் பிற்பாடு சொன்னாளாம். நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் அவளோடு போனதில்லையே என்றேன். "ஆஸ்பத்திரிக்கு இல்ல டீச்சர். இதுக்கு டிரைவர் வேணும்னு போனீங்களே, அப்போ" என்று என் கையிலிருந்ததைக் காட்டினார்.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு இன்டர்நெட் வந்த புதிது. தலைமையாசிரியர் அறையில் வைஃபை பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. எங்கள் அறை லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்குள் இருந்த வைஃபை பாகம் செத்துவிட்டது. பிள்ளைகளின் விவரங்களை ஏற்ற வேண்டுமென்றால் ஒருவர் மலையிறங்கிப் போக வேண்டும். மலர்தான் அங்கே இங்கே விசாரித்து அடாப்டர் வாங்கிவந்தாள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பென்டிரைவ் போடும் இடத்தில் செருகினால், செத்துப்போன பாகத்தின் வேலையை இது பார்க்கும். செருகினோம். விளக்கு எரியவில்லை. தனக்குள் செருகியது இன்ன பொருள் என்று லேப்டாப்புக்குத் தெரிய வேண்டுமானால் டிரைவர் என்ற மென்பொருளை முதலில் போட வேண்டுமாம். அதை ஒரு சிடியில் கொடுத்திருந்தார்கள். எங்கள் லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. சரி, இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்றால் இன்டர்நெட் வருவதற்குத்தானே இத்தனை பாடு! அறையே சிரித்தது.

கீழே போய் பென்டிரைவில் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம், சாந்தி, நீயும் வா என்றாள் மலர். எனக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது, நான் எதற்கு என்று கேட்டேன். "பேச்சுத் துணைக்கு" என்றாள்.

சனிக்கிழமை முதல் பஸ். ஜன்னல் சீட்டுக்கு அவளும் நானும் அடித்துக்கொண்டோம். வளைவில் எனக்குக் குமட்டும், அதனால் ஜன்னல் எனக்குத்தான் வேண்டும். அவளோ, பிறந்ததிலிருந்து பார்த்த மலையைப் பார்க்க ஜன்னல் கேட்டாள். கடைசியில் அவளே உட்கார்ந்தாள். நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கச்சிராயபாளையம் வரைக்கும் அவளைத் திட்டினேன். கள்ளக்குறிச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் என்னை உட்காரவைத்தாள். கம்ப்யூட்டரில் எதையோ அழுத்திவிட்டு, இது இறங்க நேரமாகும், நகராமல் பார்த்துக்கொண்டிரு, ஜவுளிக்கடை வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பினாள். திரையில் அது எப்போதோ இறங்கி முடிந்துவிட்டது. நான் நகரவில்லை. வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். ஒரு துணியும் எடுக்காமல் அவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்டேன். பிடிக்கவில்லை என்றாள்.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் டிரைவரைப் போட்டாள். விளக்கு எரியவில்லை. "அய்யோ, நம்ம லேப்டாப்பு வேற ரகம், இது வேற ரகத்துக்கு உண்டானது. மாத்திப் புடிச்சிக்கினு வந்துட்டேன் சாந்தி. திரும்பப் போவணும்" என்றாள். கணக்கு டீச்சருக்கு இதுகூடப் பார்த்து எடுக்கத் தெரியாதா என்று அறை முழுக்கக் கேட்கும்படி நான் கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். முதல் நாளே சரியான டிரைவர்தான் வந்திருந்தது என்று இப்போது அண்ணாமலை சொல்கிறார். அதை ஒளித்து வைத்துவிட்டு, பொருந்தாத ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வா என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவளுக்கு இன்னொரு சனிக்கிழமை தேவைப்பட்டது. நானும் தேவைப்பட்டேன்.

அந்த இரண்டாம் பயணம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. திரும்பி வரும்போது, கேட்காமலே ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள். என்ன, சூரியன் மேற்கே உதித்துவிட்டதா என்று கேட்டேன். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவள் எழுந்து, எதிர்வரிசையில் இருந்தவர்களிடம் கெஞ்சி எங்கள் இருவர் இடத்தையும் மாற்றி, எனக்கு இடப்பக்கம் வரும்படி உட்கார்ந்தாள். ஊசி குத்திய பக்கம் என்மேல் இடிக்காமல் இருக்கத்தான் என்று இப்போது புரிகிறது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நான் அவள்மேல் சாய்ந்தேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் பயந்துதான் வாயைத் திறக்காமல் வருகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் திட்டினேன். "நிறுத்தாத, பேசிக்கினே வா" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமையும் விளக்கு எரியவில்லை, மறுபடியும் கிளம்பினோம். மூன்றாவது சனிக்கிழமை ஊசிப் பரிசோதனையின் முடிவு வரும் நாள். எனக்கு அது வெறும் மூன்றாவது சனிக்கிழமை. இந்த முறை அவள் பிரவுசிங் சென்டருக்குத் திரும்பி வந்தபோது கையில் ஒரு முழத்துக்கு நாலு முழமாக மல்லிகைப்பூ. என் தலையில் அவளே வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கித் தந்தாள். பஸ் கோமுகி அணையைத் தாண்டும் முன் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். ஜாக்கெட்டெல்லாம் எச்சில். மலை ஏறி முடியும்வரை நான் அவளை எழுப்பவில்லை. அன்றைக்குத்தான் அந்த பஸ்ஸில் எனக்குக் குமட்டவில்லை.

திங்கட்கிழமை டிரைவரைப் போட்டாள், லேப்டாப்பை அணைத்துத் திறந்தாள், அடாப்டரைச் செருகினாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்த நகத்தளவு பொருளில் நீல விளக்கு மினுக்கியது. திரையில் பள்ளி வைஃபையின் பெயர் வந்தது. பாஸ்வேர்டை என்னைத்தான் அடிக்கச் சொன்னாள். இணைந்துவிட்டது என்று நான் திரும்பிப் பார்த்தால், மலர் மேசையில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். அப்போது அறையில் இருந்த உங்களில் பலருக்கும் அது ஞாபகம் இருக்கும். "ஒரு விளக்கு எரிஞ்சதுக்கா இப்டி அழுவுற?" என்று நான்தான் கேட்டேன். "ஆமா சாந்தி. எரிஞ்சிடுச்சில்ல" என்றாள். ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லி நாம் எல்லோரும் அவளைக் கேலி செய்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பிறகு எனக்குக் கீழே மாற்றல் வந்தது. பள்ளிக்குப் புது லேப்டாப்புகள் வந்தன. அடாப்டரை மலர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தன் பழைய லேப்டாப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அந்த போன்கள். 'நெட் வரல, ஒரு எட்டு வந்துட்டுப் போ.' கழற்றி மாட்டு, அணைத்துத் திற என்று நான் போனிலேயே சொல்வேன். எல்லாம் பார்த்தாயிற்று என்பாள். புலம்பிக்கொண்டே மலையேறுவேன். போன மாதமும் அப்படித்தான் போனேன். அடாப்டர் ஜன்னல் விளிம்பில் கிடந்தது, செருகக்கூட இல்லை. இதைச் செருகுவதற்கு நான் கள்ளக்குறிச்சியிலிருந்து வர வேண்டுமா என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். சாமைச்சோறும் மொச்சைக்குழம்பும் வைத்திருந்தாள். எனக்கு அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு அவள் கொறித்தாள். பஸ் வந்தபோது, அடுத்த பஸ்ஸில் போயேன் என்றாள். போகவில்லை, இருந்தேன். மறுநாள் அவளுக்குச் சேலத்தில் இதயத்தைப் பரிசோதிக்கும் ஸ்கேன். இதையும் அண்ணாமலைதான் சொன்னார்.

காரியத்தன்று இதையெல்லாம் கேட்டதும் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அண்ணாமலையிடமே கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்!

"நானும் கேட்டேன் டீச்சர். 'சொல்லிட்டா சாந்தி எங்கூட சண்ட போட மாட்டா, பாவம்னு பாப்பா. அவ அப்டிப் பாத்தா எனக்குப் பயம் வந்துடும். அவ திட்டிக்கினே வந்தா எனக்கு ஒண்ணுமே இல்லாத மாரி இருக்குது'ன்னா."

கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எனக்கு அந்த பஸ் வேண்டும் போலிருக்கிறது. எந்த பஸ்ஸில் ஏறினாலும் குமட்டும் நான், அந்த வளைவுகளுக்காக ஏங்குகிறேன். ஜன்னலோரம் அவளே உட்காரட்டும். இன்னும் நூறு தப்பான டிரைவர் போடட்டும், நூறு தடவையும் திட்டிக்கொண்டே கூடப்போக நான் தயார். இத்தனை ஆண்டு வாழ்க்கையில் என் கோபத்தை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். அது தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

அவளிடமிருந்து எனக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டால், இந்த அடாப்டர் இருக்கிறது. காய்கறி வாங்கப் போனாலும் கைப்பையின் சின்ன அறையில் அதை வைத்துக்கொண்டுதான் போகிறேன். இன்னொன்றும் எனக்கு மிஞ்சியிருப்பது நேற்று மாலைதான் தெரிந்தது. போன் அடித்தது. திரையில் 'மலர்' என்று வந்தது. எடுத்துப் பேசாமல் இருந்தேன். அண்ணாமலைதான். லேப்டாப்பை எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது. சாப்பிட்டீர்களா என்று கேட்டார், மழை பெய்கிறது என்றார், மறுபடியும் சாப்பிட்டீர்களா என்றார்.

"டீச்சர், நெட்டு வரலிங்க டீச்சர்."

எப்படி வரும்? அடாப்டர் என் பையில் இருக்கிறது. அதைத் தந்தவரே அவர்தான். நான் அதைச் சொல்லவில்லை.

"இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஒரு சத்தம் போட்டேன். "சனிக்கிழம மொத பஸ்ஸுக்கு வரேன், இருங்க."