உதிலைதான் நோகுது

சேலையை விரித்தால் பனம்பழ வாசம்...

தொண்ணூறுகளின் தொடக்கம். சண்டையால் பாதை அடைபட்டு, யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரம் வருவது நின்றுபோயிருந்தது. பனம்பழத்தைப் பிழிந்துதான் உடுப்புத் தோய்த்தோம். ஊத்தை போகும், வாசம் போகாது. கொடியில் காயப்போட்டால் மாடு வந்து மெல்லும். என் ஒரே நல்ல சேலையின் தலைப்பில் ஒரு மூலையை எங்கள் பசு ஏற்கெனவே ருசி பார்த்திருந்தது. அந்த மூலையை உள்ளே மடித்து, சிரட்டைக்கரி அயன்பொக்ஸால் மினுக்கி, அதைக் கட்டிக்கொண்டுதான் இன்டர்வியூவுக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு டொக்டர்மாருக்கு மொழிபெயர்க்கிற வேலை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நோயாளருக்கு இங்கிலிஷ் தெரியாது. நடுவில் ஓர் ஆள் வேண்டும்.

எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கிளாலிக் கடலேரியில் படகேறிக் கொழும்பு, அங்கிருந்து ஜெர்மனி. ஜெர்மனியில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார்கள். போட்டோவில் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் எனக்கு எங்கள் ஊர் புத்தூரை விட்டுப் போக விருப்பமில்லை, அவ்வளவுதான். அம்மா நேரெதிர்.

"உந்த வேலையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இஞ்சை இருந்து என்ன செய்யப் போறாய்?"

"முதல்லை கிடைக்கட்டும் அம்மா."

"கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டிப் போறன்."

வாக்குக் கொடுத்தாயிற்று.

தயாரான கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அண்ணையின் பழைய விலங்கியல் புத்தகத்தை வைத்து உறுப்புகளின் இங்கிலிஷ் பெயர்களைப் பாடமாக்கினேன். ஸ்பிளீன், பாங்கிரியாஸ், கோல் பிளடர்... கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போதும் வாய் முணுமுணுக்கும். பழகிப் பார்க்க ஒரு நோயாளி வேண்டுமே? அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை அமத்தினேன். வேலை வேண்டாம் என்று நின்ற மனுசிதான். ஆனாலும் நன்றாகவே முனகி நடித்தார்.

இன்டர்வியூவில் கேள்வி ஒன்றும் இல்லை. நெட்டையான ஒரு வெள்ளைக்கார டொக்டர் நேரே வார்டுக்குக் கூட்டிப்போய், ஒரு கட்டிலடியில் நிறுத்தி, "இவர் சொல்வதை எனக்குச் சொல்" என்றார்.

படுத்திருந்தவர் குருநகர்க்காரர், கடலுக்குப் போகிறவர். கழுத்தில் செபமாலை. டொக்டர் அவருடைய விலாவில் சும்மா கையை வைத்தபடி, எங்கே நோகுது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"உதிலைதான் ஐயா நோகுது."

ஸ்பிளீனும் வரவில்லை, பாங்கிரியாஸும் வரவில்லை. உதிலை!

எங்களுக்கு 'இது' என் பக்கத்தில் இருப்பது, 'அது' தூரத்தில் இருப்பது, 'உது' உன் பக்கத்தில் இருப்பது. பிறந்ததிலிருந்து சொல்கிற சொல். இங்கிலிஷில் அதற்கு எங்கே போவேன்? 'அங்கே' என்று சொல்லிவைத்தேன். டொக்டர் கையை எடுத்துவிட்டு நோயாளியின் கால்வரைக்கும் பார்த்தார்.

"அங்கே என்றால் எங்கே?"

கிளாலிப் படகு கண்ணுக்குள் வந்து நின்றது. குருநகர்க்காரரோ டொக்டரின் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நானும் பார்த்தேன்...

"உங்கள் கை இருந்த இடத்தில், டொக்டர்."

அவர் மறுபடி அதே இடத்தில் கையை வைத்து மெல்ல அமத்தினார்.

"மாதாவே! ஓம், ஓம், உதிலைதான்! பிள்ளை சரியாச் சொல்லிப்போட்டுது."

டொக்டர் சிரித்தார். நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார்.

புத்தூர் வரைக்கும் சைக்கிளில் எதிர்காற்று. அன்றைக்கு அது தெரியவே இல்லை. அம்மா "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டார். ஜெர்மன் மாப்பிள்ளை வேறொருத்தியைக் கட்டினார். சந்தோசமாக இருக்கிறார் என்று கேள்வி.

தொண்ணூற்றைந்து இடம்பெயர்வு வரைக்கும் அந்த வேலையில் இருந்தேன். பிறகு எல்லாரையும் போல வெளிக்கிட்டு, அங்கே இங்கே அலைந்து, லண்டன். கிளாலியைக் கடக்கமாட்டேன் என்று நின்றவள் எத்தனை கடலைக் கடந்துவிட்டேன்!

போன மாதம் அம்மாவை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூலைக்கு மூலை கைகழுவச் சவர்க்காரம். வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாதாம். அதற்குப் போனில் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை. நல்ல குரல், ஆனால் அவளுக்குக் கட்டிலும் தெரியாது, கையும் தெரியாது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தேன். டொக்டர் அம்மாவின் விலாவில் கைவைத்தபடி எங்கே நோகுது என்று கேட்டார்.

"உதிலைதான்."

போன் பிள்ளை, "அம்மா, எதுலம்மா? இங்கயா, அங்கயா?"

"உவளுக்குக் கண் தெரியாதோ?" என்றார் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கள் கை இருக்கிற இடத்தில், டொக்டர்."

அவர் திரும்பி, "நீங்கள் மொழிபெயர்ப்பாளரா?" என்று என்னைத்தான் கேட்டார். போன் பிள்ளை கடமை தவறாமல் அதையும் தமிழாக்கி அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா தலையணையில் நிமிர்ந்தார்.

"ஓம். என்ரை மகள் உந்த வேலைதான் பாத்தவள். யாழ்ப்பாணத்திலை, பெரிய பெரிய டொக்டர்மாரோடை."

வேலை கிடைத்த அன்றைக்கு அம்மா சொல்லாதது... அதைப் போன் பிள்ளை ஒரு சொல் பிசகாமல் இங்கிலிஷில் சொன்னாள்.