சந்தனம் வைத்த பெட்டி

கட்டளை ஒன்றை அனுப்பினால், கருவியிடமிருந்து பதில் வரும்வரை அடுத்ததை அனுப்பக் கூடாது. கருவியோடு வந்த கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கும் விதி இது. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பதிலுக்குக் காத்திருக்கத்தான் எனக்கு அத்தனை வருடம் சம்பளம் கொடுத்தார்கள். விதியில் குறையில்லை. பதில் வரவே இல்லையென்றால் என்ன செய்வது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

ஜவ்வாது மலையில் நான் குடியேறிய ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கீழே ஓடைக்கரைக் கிணற்றில் இருக்கிறது. அதைப் போட ஒரு முறை, நிறுத்த ஒரு முறை என்று ஆபரேட்டர் அம்மாள் தினமும் இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கி ஏறுவார். வழியில் கரடி நடமாட்டம் உண்டு. முழங்கால் வலியோ கரடியைப் போல் அவ்வப்போது வருவதில்லை, கூடவே இருக்கிறது.

போன வருடம், மேலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்த, பம்ப் அறையில் ஒரு பெட்டி மாட்டினார்கள். உலாவியில் அதன் முகவரியைத் தட்டினால் இரண்டு பொத்தான்கள் வரும். உலாவி சண்டித்தனம் செய்தால், வெறும் எழுத்திலேயே பெட்டியோடு பேசும் டெல்நெட்டில் நுழைந்து கட்டளையை ஒரு வரியாக அடிக்கலாம்; "ஓகே" என்று பதில் வரும், கீழே மோட்டார் ஓடும். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். அந்த அம்மாளின் கால்களுக்கு ஓய்வு கிடைத்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பெட்டி பேசவில்லை. உலாவியில் வெள்ளைப் பக்கம். டெல்நெட்டில் கறுப்புத் திரை. கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். உத்தரவாதக் காலம் முடியவில்லை, யாரும் கை வைக்க வேண்டாம், ஆள் வருவார் என்றார்கள். ஐப்பசி மழையில் அந்த அம்மாள் மறுபடி இறங்கி ஏறத் தொடங்கினார். என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கேள்வி.

"இன்னா சார், ஒங்க பட்டனு எந்திரிச்சிச்சா, இன்னும் தூங்குதா?"

"ஆள் வரணும்மா."

"அவுரு வர்றதுக்குள்ள நானே பட்டனா தேஞ்சிடுவேன்."

ஆள் ஒடுகத்தூர் வரை வந்தார். மலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டதால் திரும்பிப் போய்விட்டார். போகிற போக்கில் போனில் அழைத்து, பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்கச் சொன்னார். மறுநாள் காலை அந்த அம்மாள் கிணற்றடியில் இருந்தபோது போனில் கேட்டேன்.

"லைட்டு எங்க சார் தெரியுது? அது மேலதான் பொட்டு கீதே."

"பொட்டா?"

"பூஜைக்கு வெச்சது. எல்லா ஆயுதத்துக்கும் வெச்சேன், இத வுட்டுட்டா கோச்சிக்காதா? வயரப் புடுங்கி, தொடச்சி, அந்தப் பொந்துலயும் நல்லா சந்தனம் அப்பி, திரும்ப சொருகிட்டேன்."

தூசி, ஈரம், எலி மூன்றுக்கும் கையேட்டில் விதி உண்டு. பக்திக்கு இல்லை. மெயினை அணைத்துவிட்டு, வயரைக் கழற்றி, விளக்குமாற்றுக் குச்சியால் சுரண்டச் சொன்னேன்.

"பூஜ பண்ண எடத்துல வெளக்குமாத்த வெக்கச் சொல்றீங்களே, நல்லா கீதா சார்?"

"வேறென்ன இருக்கு?"

"வேப்பங்குச்சி ஒடிக்கிறேன். வெய்யுங்க போன."

வெகு நேரம் கழித்துக் கூப்பிட்டார். சந்தனம் கல்லாய்ப் போயிருந்ததாம், பொடிப்பொடியாய் வந்ததாம். வயரை மாட்டி, மெயினைப் போட்டாயிற்று. டெல்நெட்டில் நுழைந்தேன். கட்டளையை அடித்தேன். விதிப்படி கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஓடுது சார்! நான் தொடவே இல்ல!" மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினார். "அப்ப ஏறி வரட்டா? நிறுத்தறதுக்கு மறுபடி எறங்கணுமா?"

"வேண்டாம். நான் நிறுத்திக்கிறேன். நீங்க மெதுவா ஏறி வாங்க."

திரையைப் பார்த்தேன். அந்த இரண்டெழுத்துப் பதில் வந்திருந்தது. அன்று கார்த்திகை தீபம்.