அன்னங்களின் சித்தி

சோணையம்மாள் தல்லாகுளத்துப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தாள். அவளுடைய அக்காள் மகள் பாண்டியம்மாள் அதே பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தாள். அக்காள் மஞ்சள் காமாலையில் செத்துப்போனபோது பாண்டியம்மாளுக்குப் பத்து வயது. தம்பி சின்னானுக்கு மூன்று. வருசம் திரும்புவதற்குள் அக்காள் புருசன் மலையாண்டிக்குச் சோணையம்மாளையே கட்டி வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் பிள்ளைகளை வதைப்பாள், கூடப்பிறந்தவள் என்றால் அதற்கு மனசு வராது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். அவளுக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

சின்னான் சீக்கிரமே அவளை அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டான். பாண்டியம்மாளுக்கு மட்டும் அவள் சித்திதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பாள். டீச்சர் என்று கூப்பிடும்போதுதான் அந்தப் பிள்ளையின் குரலில் கொஞ்சம் நிம்மதி இருப்பதாகச் சோணையம்மாளுக்குத் தோன்றும். என்றைக்காவது இவள் துணிமணியை எடுத்துக்கொண்டு பரவையில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்ற பயம் சோணையம்மாளுக்கு எப்போதும் இருந்தது. போய்விட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். அக்காளுக்கு என்ன பதில் சொல்வது என்பது அதைவிடப் பெரிது.

1981இல் ஆண்டு விழா வந்தது. தலைமை ஆசிரியை சிஸ்டர் பிரிஜித் அயர்லாந்துக்காரர். தன் தேசத்துப் பழங்கதை ஒன்றை நாடகமாகப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. சோணையம்மாளை அறைக்குக் கூப்பிட்டு, பெரிய படப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார். கன்றுக்குட்டித் தோலைப் பதப்படுத்தி, அதில் இறகுப் பேனாவால் எழுதிய பழைய ஏடுகளின் படங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் எழுத்து பாம்பும் பறவையுமாகப் பின்னிக் கிடந்தது.

சிஸ்டர் திக்கித் திக்கித் தமிழில் சொன்னார். அந்தக் கதைகளில் வருகிறவர்கள் அந்த மண்ணின் பழைய சாமிகள். ஆனால் அவற்றை எழுதி வைத்தவர்கள் அந்தச் சாமிகளைக் கும்பிட்டவர்கள் இல்லை. ஊர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து பல தலைமுறை ஆனபின், மடத்துத் துறவிகள் எழுதினார்கள். எழுதும்போது சாமிகளை ராஜாக்கள் ஆக்கினார்கள். சில கதைகளின் கடைசியில் ஒரு துறவியைக் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார்கள். சில துறவிகள் பக்கத்தின் ஓரத்தில் கை வலிக்கிறது, மை சரியில்லை, குளிர் தாங்கவில்லை என்று எழுதி வைத்தார்கள். ஒருவர் மட்டும், தான் எழுதிய கதையைத் தானே நம்பவில்லை என்று கடைசியில் குறித்திருந்தாராம். நம்பாவிட்டாலும் அவர் கதையை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது சோணையம்மாளுக்குப் பிடித்திருந்தது.

அதன்பிறகு சிஸ்டர் நாடகத்துக்கான கதையைச் சொன்னார். ஒரு ராஜா. அவன் மனைவி நாலு பிள்ளைகளை விட்டுவிட்டுச் செத்துப்போகிறாள். மாமனார் அவளுடைய தங்கையை அவனுக்குக் கட்டிக் கொடுக்கிறார். அவளும் முதலில் பிள்ளைகளை ஆசையாகத்தான் வளர்க்கிறாள். பிறகு, புருசனுக்குப் பிள்ளைகள் முகம் தவிர வேறு எதுவும் தெரியவில்லையே என்று பொறாமை வருகிறது. குளிக்கலாம் என்று ஏரிக்குக் கூட்டிப்போய், மந்திரக்கோலால் தொட்டு நாலு பேரையும் அன்னங்களாக்கிவிடுகிறாள். தொள்ளாயிரம் வருசம் தண்ணீரில் கிடக்க வேண்டும். மூத்தவள் தம்பிகளைச் சிறகுக்குள் வைத்துக் குளிரில் காப்பாற்றுகிறாள். கடைசியில் வேதக்கோயில் மணி கேட்டு உருவம் திரும்பும்போது அவர்கள் கிழவர்களாகி இருக்கிறார்கள். துறவி தண்ணீர் தெளிக்கிறார். செத்துப்போகிறார்கள்.

எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் அக்காள் செத்தால் தங்கையைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது அந்த இடத்தில் பேனா நகரவில்லை. கடைசியில், ராஜா வேறு தேசத்துப் பெண் ஒருத்தியை மணந்தான் என்று எழுதினாள். துறவிகளே மாற்றியிருக்கிறார்களே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிஸ்டருக்குத் தமிழ் வாசிக்க வராது. யாருக்குத் தெரியப் போகிறது?

மூத்த அன்னமாக நடிக்கப் பாண்டியம்மாளைத்தான் சிஸ்டர் பொறுக்கினார். அந்த வாரமே எட்டாம் வகுப்பில் கதை முழுவதையும் சொல்லியும் இருந்தார். ஒத்திகையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் பாண்டியம்மாள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், சிஸ்டர் சொன்ன கதையில அவ அந்தப் பிள்ளைகளோட அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. இதுல அப்படி இல்லையே."

மேடைக்காகச் சின்ன மாற்றம் என்று சோணையம்மாள் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போனாள். பாண்டியம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பேசவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பரவையிலிருந்து வெள்ளைத்துரை வந்தான். சோணையம்மாளுக்கு அண்ணன், பிள்ளைகளுக்குத் தாய்மாமன். கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய்.

"பரவைச் சந்தையில விக்காததெல்லாம் உன் வீட்டுக்குத்தான் ஆத்தா" என்று சிரித்துக்கொண்டே பையை இறக்கினான்.

உள்ளேயிருந்து பாண்டியம்மாள் துணிப்பையோடு வந்தாள். மாமாவோடு பரவைக்கே போய் இருக்கப் போகிறேன், பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்து பஸ்ஸில் வருவேன் என்றாள். மலையாண்டி கப்பலூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான். ரெண்டு நாள் போயிட்டு வரட்டுமே என்று முனகினான்.

"எதுக்குடி?" என்று கேட்டாள் சோணையம்மாள்.

"நாடகத்துல எதுக்கு மாத்துன?"

"மேடைக்காகன்னு சொன்னேன்ல."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்கு மறைக்கணும் சித்தி?"

வெள்ளைத்துரைக்கு எதுவும் புரியவில்லை. நாடகத்தில் வருகிற பொம்பளைக்காகவா மூட்டை கட்டுகிறாய், சினிமா பார்த்தால் காசிக்கே போய்விடுவாய் போலிருக்கிறதே என்று கேலி செய்தான். பாண்டியம்மாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில கெடக்கையிலயே நீங்கள்லாம் பேசி முடிச்சிட்டீங்களாமே மாமா. தெருவுல அம்புட்டுப் பேரும் சொல்றாங்க."

வெள்ளைத்துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குப் பேச்சை எடுத்தவனே அவன்தான். குனிந்து கத்தரிக்காய்ப் பையின் வாயைக் கட்ட ஆரம்பித்தான்.

அப்படியெல்லாம் இல்லடி என்று சொல்லச் சோணையம்மாளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அண்ணனும் ஆமாம் போட்டிருப்பான். ஆனால் இதுவும் அந்த வேறு தேசத்துப் பெண் மாதிரிதான் ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஆமா" என்றாள். "வராந்தாவுல வச்சுப் பேசினாங்க. நானும் அங்கதான் நின்னேன். வேணாம்னு சொல்லல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கதவு திறந்துதான் கெடந்துச்சு. அதுக்கப்புறம் அக்கா என் கையால கஞ்சி வாங்கிக் குடிக்கல."

இதை அவள் புருசனிடம்கூடச் சொன்னதில்லை. மலையாண்டி எழுந்து தெருவுக்குப் போய்விட்டான். பாண்டியம்மாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு மாமாவுக்கு முன்னால் வாசலில் இறங்கினாள்.

திங்கட்கிழமை சோணையம்மாள் அந்த வரியைச் சிஸ்டர் சொன்னபடியே மாற்றி எழுதினாள். சிஸ்டரிடம் போய்ச் செய்ததையும் அதற்கான காரணத்தையும் சொன்னாள். அவர் அதிர்ந்துபோய், வேறு நாடகம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். நாடகத்தையே நிறுத்துவது இன்னொரு மறைப்பு என்று பட்டது. தையல் டீச்சர் தங்கப்பொண்ணு, ஊர் வாய்க்கு நீயே தீனி போடுறியா என்று திட்டினாள்.

விழாவுக்கு மலையாண்டி சின்னானைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வெள்ளைத்துரையும் பரவைச் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். செத்தவளின் தங்கையை ராஜா மணந்தான் என்று கதை சொல்லும் பிள்ளை சொன்னதும், முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்த சலசலப்பு ஏரிக் காட்சி வரை அடங்கவில்லை. ராஜாவின் இரண்டாம் மனைவியாக நின்ற ஒன்பதாம் வகுப்பு ஆரிபா அதில் பயந்து வசனத்தை மறந்துவிட்டாள். அன்னங்களாக்கியவள் மனசு கலங்கிப் பேச வேண்டிய இடம் அது. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து சோணையம்மாள் எடுத்துக் கொடுத்தாள். ஆரிபா காதில் விழவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"உங்கள் குரலை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும்."

முன்வரிசை வரைக்கும் அது கேட்டது. வெள்ளைக் காகிதச் சிறகுகளோடு நின்ற பாண்டியம்மாள் ஆரிபாவை விட்டுவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினாள். அடுத்தது அவள் வசனம்.

"அது போதுமா?"

சோணையம்மாள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதற்குப் பதில் எதுவும் அவள் எழுதியிருக்கவில்லை. காட்சி அங்கே முடிந்தது.

விழா முடிந்தபின், சோணையம்மாள் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பாண்டியம்மாள் முகத்திலிருந்த வண்ணத்தைத் துடைத்தாள். அந்தப் பிள்ளை முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள், விலகவில்லை. வாசலில் வெள்ளைத்துரை, பஸ் போய்விடும் என்று கூப்பிட்டான். பாண்டியம்மாள் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள்.

"சனிக்கிழமை வாரேன். தம்பிக்கு எண்ணெய் தேச்சு ஊத்தணும். நீ ஊத்துனா அழுவான்."

சொன்னபடி வந்தாள். தலைக்கு ஊற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் பரவைக்குத் திரும்பிவிட்டாள். பத்தாவது முடிக்கும் வரை அங்கிருந்துதான் படித்தாள். சில சனிக்கிழமை வந்தாள், சில சனிக்கிழமை வரவில்லை. வராத நாட்களில் பதினோரு மணி பஸ் வரை பார்த்துவிட்டுச் சோணையம்மாளே சின்னானுக்கு ஊற்றினாள். அவன் அழுதான்.