கணுக்காலுக்கு மேலே நான்கு விரல்

பெர்னதெத் பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருபவள். எவ்வளவு பெரிய வஞ்சிரமானாலும் அவளுடைய அரிவாள்மணைக்கு இரண்டு நிமிடம்தான். ஆனால் மாதத்தில் ஐந்தாறு நாள் அவளால் ஆகாது. விலக்காவதற்கு முன்பே தலை கனக்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும். முதல் நாள் அடிவயிறு ஈரத்துணியாய் முறுக்கும். சுருண்டு படுத்தாலோ கணவன் யூஜினுக்குப் பொறுக்காது. ஆட்டோ ஓட்டிவிட்டு வருகிறவன், சோறு இல்லையென்றால் முடியைப் பிடித்துத் தூக்கி அடிப்பான். பதினோரு வருடமாக இதுதான் நடந்தது. ஒருமுறை பல் ஒன்று போனது.

போன ஏப்ரலில் வலி தாளாமல் கை நழுவி, அரிவாள்மணை உள்ளங்கையைப் பிளந்துவிட்டது. தையல் போட்ட நர்ஸ் தீபலட்சுமி, அவள் கழுத்திலிருந்த விரல் தடங்களையும் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வயிற்று வலிக்கு அழுத்த வேண்டிய இடத்தைக் காட்டினாள். உள்பக்கக் கணுக்கால் முட்டிக்கு மேலே நான்கு விரல் அளவு விட்டு, எலும்பின் பின்னோரத்தில் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று நிமிடம். நாள் நெருங்கும்போதே தொடங்கிவிட வேண்டும். கர்ப்பமாக இருந்தால் கூடாது.

"இது வலிக்குத்தான்க்கா. அடிக்கு இதுல மருந்து இல்ல. அதுக்கு ஸ்டேஷனுக்குத்தான் போவணும்," என்றாள்.

பெர்னதெத் முதலாவதை மட்டும் செய்தாள். மூன்றாம் மாதம் வலி பாதியாகக் குறைந்தது.

ஒரு சாயங்காலம் தரையில் உட்கார்ந்து காலை அழுத்திக்கொண்டிருந்தபோது யூஜின் வந்தான்.

"சோறாக்காம கால நோண்டிக்கிட்டு ஒக்காந்திருக்கியா?"

கேட்டபடியே செருப்புக் காலால் அந்தக் கணுக்காலின் மேல் ஓங்கி மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் மறுபடி காலைத் தூக்கியபோது, பக்கத்திலிருந்த குக்கரை எடுத்து முழங்காலில் அடித்தாள். விழுந்தவன் அவள் கழுத்தை எட்டிப் பிடித்தான். பிடி விடும்வரை முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தமானது.

"போதும்டி," என்றான்.

"நான் போதும்னு சொன்னப்ப நீ ஒரு நாளும் வுட்டதில்ல," என்று சொல்லிவிட்டுக் குக்கரைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே தெருவுக்கு வந்தாள்.

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சிதான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். அடி வாங்கியதையும் அடித்ததையும் பெர்னதெத் ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு பேர் மீதும் வழக்கு பதிவானது. யூஜின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு அவள் மூலக்குளத்தில் ஒற்றை அறை பார்த்துக்கொண்டாள். சில மாதங்களில் அழுத்தினாலே வலி அடங்கிவிடுகிறது. அடங்காத மாதம் மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்கிறாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் உடம்பு இன்னும் பதறுகிறது. யாரும் உள்ளே வருவதில்லை.