தராசுக்கு வைத்த பொட்டு

பத்ரிக்கு மூக்குக் கண்ணாடி இரண்டு. ஒன்று படிப்பதற்கு, மற்றொன்று அடுத்தவர் குறையைப் பார்ப்பதற்கு என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இரண்டாவதைத்தான் அவர் அதிகம் போட்டுக்கொள்வார்.

கும்பகோணத்துக் குடும்பம். பிறந்து வளர்ந்தது ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். வேலை, அங்கேயே ஒரு மத்திய அரசுப் பாதுகாப்பு நிறுவனத்தில் டெக்னிக்கல் ஆபீசர். அதே ஊரில், மாதாப்பூரில் இருக்கும் மகன் வீட்டுப் பக்கம் அவர் எட்டிப் பார்ப்பதில்லை. கேட்டால் டிராஃபிக் என்பார். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது, இதுதான் பத்ரி செய்தது என்று சுட்டிக்காட்ட ஆபீசில் ஒரு திருகாணி கூட இல்லை. அந்த எரிச்சல் மனுஷரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நிறுவனத்தின் காவல் பிரிவு, துப்பாக்கி சுடும் போட்டிக்காக ஒரு செமி ஆட்டோமேடிக் ரைஃபிள் வாங்கியது. விலைக்கு வாங்கிய கம்பெனித் தோட்டாக்களை வைத்துச் சுட்டால் குண்டுகள் குறி அட்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயின.

"ரேஷன் அரிசியில கல்யாணச் சமையல் பண்ணிண்டிருக்கேளே. நானே தோட்டா லோட் பண்ணித் தரேன்" என்று பத்ரி போய் நின்றார். அனுமதி வந்தது, ஒரு தனி அறையும் வந்தது.

சுட்டு வெளியே விழுந்த பித்தளைக் கூட்டை எடுத்து, அடியில் வெடித்துப் போன பழைய கேப்பைத் தட்டிவிட்டு, அச்சில் அழுத்திப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகுவது. இவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த ரைஃபிள் கூட்டைக் கையில் தருவதில்லை, புல்லில் விசிறியடிக்கும். வெயிலில் மண்டிபோட்டு அதைப் பொறுக்கும் பொறுப்பு, சுடுகிற குமரவேல் தலையில் விழுந்தது.

"ஒண்ணு குறையறதே, முழுங்கிட்டியா?" என்பார் பத்ரி. குமரவேல் மறுபடி மண்டிபோடுவான்.

அவன் தருமபுரிக்காரன், காவல் பிரிவில் ஜவான். கல்யாணமான நாள் முதல் அவன் ஒரு மூலையிலும் பெண்டாட்டி ருக்மிணி ஒரு மூலையிலுமாக இருந்தவர்கள். சுடும் அணியில் சேர்ந்த பிறகுதான் ஹைதராபாத்தில் ஒரே கூரையின் கீழ் சோறு தின்கிறார்கள். ருக்மிணிக்குச் சனத்நகரில் ஒரு பட்டறையில் வேலை; மகள் பள்ளிக்கூடம் போய், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். அணியிலிருந்து கழன்றால் அஸ்ஸாமுக்கு மாற்றல் உறுதி. இதையெல்லாம் அவனே பத்ரியிடம் சொல்லியிருந்தான். சொன்னால் கொஞ்சம் இரக்கம் பிறக்கும் என்று நினைத்தான், பாவம்.

முதல் தவணைத் தோட்டாக்கள் துப்பாக்கிக்குள்ளேயே சிக்கிக்கொண்டன. பத்ரி கூட்டின் கழுத்தை மட்டும் அச்சில் அழுத்தியிருந்தார். கையால் தள்ளிப் பூட்டும் ரைஃபிளுக்கு அது போதும். இதிலோ ஸ்பிரிங்தான் தள்ள வேண்டும். முன்பு வெடித்ததில் உப்பியிருந்த கூடு பாதியில் நின்றுவிட்டது.

"துப்பாக்கியைத் தொடைச்சியா, இல்லே அதுல வெத்தலைபாக்கு வெச்சிருந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். குமரவேல் சுத்தமாக இருந்ததையே மூன்று முறை சுத்தம் செய்தான். பத்ரி அறைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டித் தன் தப்பைக் கண்டுபிடித்தார். மறுநாள் முதல் கூட்டை முழுசாக அழுத்தினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதன் பிறகு குண்டுகள் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் அடங்கின. பத்ரிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அட்டையை மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் காட்டினார், பிறகு சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். சட்டத்துக்குப் பெரிதாக இருக்கிறது என்று அடிப்பகுதியைக் கத்தரித்தார். குமரவேலின் பெயர் அந்த அடிப்பகுதியில் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அறையைக் கழுவி, அச்சுக்கும் அழுத்தும் கருவிக்கும் பொட்டு வைத்தார். தராசுத் தட்டின் வெளிப்புறத்தில் மட்டும் கெட்டியாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம். தட்டின் எடை கூடிவிட்டதே! பத்ரியா விடுவார்? திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். இனி எவனும் கை வைக்கக் கூடாது என்று திருகின் மேல் அரக்கு உருக்கி ஊற்றினார்.

"பொட்டோட எடையைக்கூடக் கழிச்சாச்சு. இந்த ஊர்ல வேற எவனுக்குத் தோணும்?" என்று வீட்டில் மனைவி பத்மஜாவிடம் பீற்றிக்கொண்டார். பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாகப் போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

தசரா விடுமுறை முடிந்து, போட்டிக்குப் போகிறவர்களைப் பொறுக்கும் தேர்வுக்கான பயிற்சி தொடங்கியதும் குண்டுகள் மேலே ஏறிப் போயின, சிதறின.

"சார், தோள்ல ஒதைக்கிறது ஜாஸ்தியா இருக்குது சார்" என்றான் குமரவேல்.

"தோள்ல வலு இல்லேன்னா ஒதைக்கத்தான் செய்யும். நேத்து எத்தனை பெக்?"

குடிப்பழக்கமே இல்லாதவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் ரஹீம் ஒரு கூட்டைப் பொறுக்கி வந்து நீட்டினார். அதன் கேப் நசுங்கித் தட்டையாகியிருந்தது; மருந்து அளவு மீறினால் அப்படித்தான் ஆகும். "பவுடர் ஏக் பார் தோல் கே தேக்லோ சாப். லட்கே கா கசூர் நை" என்றார். பையன் மேல் தப்பில்லை, மருந்தை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள் என்கிறார், பத்ரிக்குச் சுருக்கென்றது.

"என் தராசுக்கு சீல் வெச்சிருக்கு. உங்க பையன் கைக்கு வெச்சிருக்கா?" என்று இந்தியில் வெடுக்கென்று கேட்டு, அந்தக் கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தேர்வு நாளில் குமரவேல் நின்ற நிலையில் அசையாமல்தான் சுட்டான். குண்டுகள் தறிகெட்டுப் போயின. கம்பெனித் தோட்டாவால் சுட்ட ஒருவன் அவனை முந்திவிட்டான். காரணம் என்ன என்று காவல் பிரிவு அதிகாரி பத்ரியைத்தான் கேட்டார்.

"தோட்டால ஒரு குறையும் இல்லை சார். பையனுக்கு நெஞ்சுல தெம்பு இல்லை."

அணியிலிருந்து அவன் பெயர் போயிற்று. மாற்றல் உத்தரவு மாடியில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அன்று மத்தியானம் பத்ரி தராசுத் தட்டைத் தூக்கினார். காய்ந்து சருகாகிப் போன சந்தனத்தில் கடைசிச் சில்லு பெயர்ந்து மேஜையில் விழுந்தது. மற்றதெல்லாம் ஏசிக் காற்றில் உலர்ந்து, தட்டை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக எப்போதோ உதிர்ந்திருந்தது. வெறும் தட்டை மறுபடி மாட்டி முள்ளைப் பார்த்தார். அது பூஜ்யத்தில் இல்லை. தட்டு இளைத்த அளவுக்கு ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்தைக் கூடப் போட்டிருக்கிறார். அதுவும் நாளுக்கு ஓர் அளவாக.

மாடிக்கு ஒரு படிக்கட்டுதான். ஏறிப் போய் ஒரு வாக்கியம் சொன்னால் உத்தரவு நின்றுவிடும். எழுந்தார், கதவு வரைக்கும் போனார். சட்டத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். திரும்பி வந்தார். ஸ்பிரிட் தொட்டுத் தட்டைத் துடைத்தார், அரக்கைச் சுரண்டினார், முள்ளைச் சரியாக்கிப் புது அரக்கு வைத்தார்.

உத்தரவு கைக்கு வந்து, குடும்பத்தை ஊரில் கொண்டுவிடக் கிளம்பும் முன் குமரவேல் வந்தான், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒரு துணிப்பை நிறையப் பித்தளைக் கூடுகள்.

"தேர்வுல சுட்டது, அதுக்கு முன்னாடி சுட்டது எல்லாம் இருக்குது சார். ஒண்ணே ஒண்ணுதான் கொறையுது. எங்க தேடியும் கெடைக்கல." பையை மேஜையில் வைத்தான். "ராப்பகலா நீங்க பாடுபட்டீங்க. நான் பாழாக்கிட்டேன். மன்னிச்சிருங்க சார்."

சில்லென்ற அறையில் பத்ரிக்குக் கழுத்து வியர்த்தது. குறைந்த அந்த ஒன்று, கேப் நசுங்கியது, அவருடைய மேஜை இழுப்பறையில் கிடந்தது.

"போறது போ. எல்லாருக்கும் கை வந்துடாது" என்றார். அவன் முகம் அப்படியே எதிரில் நின்றது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னார்: "அந்த ஒண்ணை நன்னாத் தேடினியா? இன்னொரு தரம் பார்த்துட்டுப் போ."

"சரி சார்."

"நான்னா, மன பஸ்ஸு?" என்று மகள் தெலுங்கில் அப்பாவிடம் தங்கள் பஸ்ஸைப் பற்றிக் கேட்டது வராந்தாவிலிருந்து காதில் விழுந்தது. பஸ் போனால் போகட்டும், சார் சொல்லிட்டாரு என்றான் அவன்.

பத்ரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெயிலில் தகப்பன் மண்டிபோட்டுப் புல்லை விலக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்தப் பெண்ணும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தாள். அவர் இழுப்பறையைச் சாத்திப் பூட்டிவிட்டு, அடுத்த தோட்டாவுக்கு மருந்து நிறுக்க உட்கார்ந்தார்.