டெய்சி மேடம் இரண்டாம் முறை அளந்தது

வியாழக்கிழமை காலை பட்டறையில் ஒரு சைலன்சருக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். என் சைலன்சர்களைப் பைக்கில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் கீழ்புத்துப்பட்டு ஏழுமலை போன் செய்தான். "அண்ணா, டெய்சி மேடம் போயிட்டாங்கண்ணா. காலேஜுக்குக் கெளம்பும்போது மயங்கி உழுந்தாங்களாம். ஹார்ட் அட்டாக்." என்னைவிட மூன்று வயது இளையவர். என்ன அநியாயம் இது! அன்று அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் லேபைக் கவனித்துக்கொண்டிருந்த வானூர் டெய்சி மேடத்தைப் பற்றி, அவரோடு பழகிய உங்களுக்கு மரக்காணத்துச் சைலன்சர் கடைக்காரன் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறான்? ஆனால் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் முறை அவர் கடைக்கு வந்தபோது என் கைவேலையை எடுத்துக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். "கம்பெனி சைலன்சர கழட்டிட்டு இத மாட்டுங்க மேடம், பவர் நல்லா கூடும்." அவர் சைலன்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லான்றது ஒரு அளவா குமார்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அளந்துதான் பாருங்களேன் என்று சவால் விட்டேன்.

எனக்கும் அப்போது அது தேவையாக இருந்தது. பெரிய முதலியார்சாவடி பைக் குழு ஒன்று, பவர் கூடுவதைக் கண்ணால் பார்த்தால் பத்துப் பேரும் வாங்குவதாகச் சொல்லியிருந்தது. அவ்வளவு பெரிய ஆர்டர் என் பட்டறைக்கு அதற்குமுன் வந்ததில்லை.

உப்பளத்துக்கு நடுவே போகும் நேர்ச்சாலையில் சோதனை. ஏழுமலை மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுவான். முப்பதிலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி என்று பைக்கில் கட்டிய கருவி குறித்துக்கொள்ளும். எடை மாறாதவரை, நொடி குறைந்தால் பவர் கூடுதல். "கடல்காத்து ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் தடுக்கும்" என்று மேடம் போகவும் வரவும் ஓடவிட்டார். டயர் காற்று, பெட்ரோல் எல்லாம் ஒரே அளவு. என் சைலன்சர் எடை குறைவு என்பதால், அந்த வித்தியாசத்துக்கு ஓர் இரும்புத் துண்டைக்கூடப் பைக்கில் கட்டினார். அப்பா, என்ன கண் அது! வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பின்சீட்டில் ஓர் ஆள் பாரம் வேண்டும் என்றார். மற்ற ஊராக இருந்தால் மணல் மூட்டை கட்டியிருப்பார்கள். நாங்கள் பக்கத்துப் பாத்தியில் அன்று காலை வாரிய உப்பையே மூட்டையாக்கி, எடை போட்டுக் கட்டினோம். முதலில் கம்பெனி சைலன்சர், வெயில் ஏறியபின் என்னுடையது. என்னுடையதுதான் நொடி குறைவு! பைக் குழு விசிலடித்தது. ஏழுமலை என்னைத் தூக்கிச் சுற்றினான்.

மூன்றாம் நாள் மேடம் தனியாக வந்தார். மூட்டையைத் திரும்ப நிறுத்துப் பார்த்தாராம். ஈர உப்பு வடிந்து, என்னுடையது ஓடும்போது எடை குறைந்திருக்கிறது. மணல் மூட்டை கட்டி மறுபடி அளந்ததில் என் சைலன்சர் கம்பெனியுடையதைவிட மந்தம். "சத்தம் கூடுது, காது ஏமாந்துபோவுது. இழுவை கொறையுது குமார்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். "விட்டுடுங்க மேடம். யாருக்குத் தெரியப் போவுது?" அவர் மறுப்பாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அதே சாலைக்கு அத்தனை பேரையும் வரவழைத்தார். "அன்னிக்கி நான் சொன்னது தப்பு. மூட்டைய ரெண்டாவது தடவ நிறுக்காம உட்டது நான். குமார் மேல தப்பு இல்ல" என்றார். படித்தவர், ஊரே மதிக்கும் வாத்தியாரம்மா, பொடிப்பயல்கள் சிரிக்கச் சிரிக்க நின்று சொன்னார். ஆர்டர் போயிற்று. ஆறு மாதம் நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

பிறகு அவரே வந்தார். "உன் பைப்ப எங்க மாத்தணும்னு பாக்கலாமா?" என்றார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் குழாயை வெட்டி ஒட்டி, அளந்து, மறுபடி வெட்டினோம். கடைசியில் என் சைலன்சர் கம்பெனியுடையதற்குச் சமமாக வந்து நின்றது. "கூடல, ஆனா கொறையவும் இல்ல. இத இப்டியே சொல்லி வில்லு" என்றார். அப்படித்தான் இன்றுவரை விற்கிறேன்.

இனி நான் சொல்ல வந்தது. முதல் சோதனையன்று வெயிலில் இரண்டாவது சைலன்சரை மாட்டக் குனிந்திருந்தவன் நான். மூட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் என் கையில் சொட்டியது. வாரிய உப்பு வடிந்தால் எடை குறையும் என்று வானூர்க்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். மரக்காணத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு நட்டை முறுக்கினேன்.

மேடம் ஊர் முன்னால் நின்று ஏற்றுக்கொண்ட தவறு என்னுடையது. அவர் செய்ததை அன்று நேரில் பார்த்தேன். என்னால் ஆகிற காரியமா என்று மலைத்துப்போனேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தைரியத்தில் ஒரு துளி. அந்தத் துளியால்தான் இதை எழுதுகிறேன். அது அவர் உயிரோடு இருக்கும்போதே எனக்கு வந்திருக்கலாம்.