தம்பி முதுகும் என் முதுகும்

என் தம்பி கலீமுக்குப் பிடிவாதம் அதிகம். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். எந்த வண்டியானாலும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். தன் முதுகுக் கோளாறு மட்டும் பல வருஷம் அவனுக்குப் பிடிபடவில்லை.

விடிந்தால் கட்டிலை விட்டு எழ முடியாது. காலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் நாற்காலி போட்டு உட்காருவான். சாயங்காலம் நெற்றி தரையில் படக் குனிவான். "காலையில மட்டும் கலீம் பாய்க்குத் தூக்கம் தெளியலயா?" என்று தொழ வந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குனிந்து வேலை செய்வதால் வந்த வலி என்று நினைத்து, கடையைச் சாத்திவிட்டு வாரக்கணக்கில் படுத்தான். படுக்கப் படுக்க முதுகு இன்னும் இறுகியது.

கடைசியில் வேலூர் டாக்டர்தான் கண்டுபிடித்தார். இது முதுகெலும்பு மூட்டுகளில் வருகிற அழற்சி. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவலே சொந்த மூட்டின்மேல் பாய்கிறது. பி27 என்ற மரபணு வகையோடு பிறந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்; கலீமுக்கு அது இருந்தது. படுத்தே கிடக்கக் கூடாது என்று மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தார். காலை நேரத்து இறுக்கம் தவிர உடம்பு தேறியது. மனசுதான் உடைந்துபோனது.

அரக்கோணத்து அலீஷாவோடு அவனுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்தும் அந்தப் பெண் சரியென்றாள். இவன்தான் வேண்டாமென்றான்.

"ஆபா, நான் கம்பெனியிலயே கோளாறா வந்த வண்டி. எனக்குப் பொறக்கிறதும் இப்படித்தான் வரும். எதுக்கு ஒரு புள்ளையக் கஷ்டப்படுத்தணும்?"

ஆபா என்றால் அக்கா. அந்த அக்கா ஹுமேரா நான்தான்.

"டாக்டர் இன்னாடா சொன்னாரு? புள்ளைக்கு அது வரலாம், வராமலும் போலாம். வந்தாலும் முக்காவாசிப் பேருக்கு நோவே வராதுன்னாரில்ல?"

"ஆறுதலுக்குச் சொல்றாரு ஆபா."

அவன் முகத்தைப் பார்த்து அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. மறுநாளே வேலூருக்குப் பஸ் ஏறி நானும் அதே சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். முடிவு வந்ததும் நேரே அவன் கடைக்குப் போனேன்.

"எனக்கும் இருக்குதுடா, அதே பி27."

கையிலிருந்த ஸ்பேனரை நழுவவிட்டான். "ஆபா... உனக்கும் வலிக்குதா?"

"எனக்கு இன்னாடா வலி? தண்ணிக் குடத்த இடுப்புல வெச்சிகினு மாடி ஏறிகினுதான் கீறேன். ஒரே கம்பெனி வண்டிதானே நாம ரெண்டு பேரும்?"

அவன் குனிந்து ஸ்பேனரை எடுத்தான். நான் விடவில்லை.

"என் புள்ளைங்களுக்கும் அது இருக்கலாம். மாமா மாமான்னு உன் கடையே கதின்னு கெடக்குதுங்களே, அதுங்க பொறக்காமலே இருந்திருக்கணுமா? சொல்லுடா!"

கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான் என் தங்கம். முகமெல்லாம் கறுப்பு.

"அலீஷாவுக்கு நீயே போன் போடு ஆபா. எனக்கு வெக்கமா கீது."

நிக்காஹ் பள்ளிவாசலில், காலையில் நடந்தது. எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு நாற்காலி. போடச் சொல்லி அனுப்பியது அலீஷா.